மாடத்தில் கோளாறா? பட்டி பார்க்கும் முன் இதைப் பாருங்கள்

நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் அகல் வைக்கச் சின்னதாக ஒரு குழி விட்டுக் கட்டிய காலத்தில், மாடம், மாடக்குழி, பிறை என்று ஊருக்கு ஒரு பேர் இருந்தது. இப்போது டிவி சுவர், பூஜையறை, மாடிப்படித் திருப்பம், குளியலறை, நகைக்கடை, செல்போன் கடை என்று எங்கும் 'நிஷ்' வந்துவிட்டது. பேர் மாறினாலும் பண்டம் ஒன்றுதான். சுவரில் ஒரு பள்ளம், அதற்கு ஐந்து முகம், போதாக்குறைக்கு உள்ளே ஒரு விளக்கு. பெரிய சுவரில் கண்ணில் படாத கோணலும் ஈரமும் இந்தச் சின்னப் பள்ளத்தில் வெளிச்சம் போட்டுக் காட்டப்படும்.

என்னிடம் வருகிற புகார்களில் பாதிக்கு மேல், ஏற்கெனவே ஒரு பெயிண்டர் வந்து பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரை மழமழப்பாக்கத் தடவும் மாவு) பார்த்துவிட்டுப் போனவை. மூன்று மாதம் பளபளவென்று இருந்திருக்கும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே கோடு வந்திருக்கும். மாடத்துக்குள் தெரிகிற கோளாறு பெரும்பாலும் அதற்குள் பிறந்தது இல்லை. பின் சுவரிலோ, மேலே இருக்கிற செங்கல் வரியிலோ, அடுத்த அறைக் குழாயிலோ, எல்இடி டிரைவரை (விளக்குக்குக் கரண்டை மாற்றித் தரும் பெட்டியை) ஒளித்து வைத்த மூலையிலோ இருக்கும்.

யாரையும் கூப்பிடும் முன் மூன்று வேலை செய்யுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். மேடு பள்ளம், விரிசல், கொப்பளம் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். பிறகு விரல் முட்டியால் ஐந்து முகத்தையும் தட்டுங்கள். கடைசியாகப் பின்முகத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்; பக்கத்துச் சுவரைவிடச் சில்லென்று இருக்கிறதா? இந்த மூன்றும் தெரிந்தால் கீழே உங்கள் புகார் எது என்று பிடித்துவிடலாம்.

"மேல் மூலையிலிருந்து கோணலாக விரிசல் ஓடுகிறது"

அதிகம் வருகிற புகார் இதுதான். மாடத்தின் மேல் இரண்டு மூலைகளில் ஒன்றிலிருந்து, ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், கூரையை நோக்கிக் கோடு போகும். காரணம் எளிது: சன்னலுக்கு மேல் லிண்டல் (பாரம் தாங்கும் குறுக்குப் பலகை) போட்டவர்கள் மாடத்துக்குப் போடவில்லை. "ரெண்டடி அகலம்தானே சார், செங்கல் தானா நிக்கும்" என்று மேஸ்திரி சொல்லியிருப்பார். நிற்கத்தான் செய்யும், விழாது. ஆனால் மேலே இருக்கிற ஏழெட்டுச் செங்கல்லின் பாரம் முழுக்க அந்த இரண்டு மூலையில் வந்து உட்காரும். பூச்சு அங்கேதான் வாயைப் பிளக்கும்.

முதலில் விரிசல் இன்னும் நகர்கிறதா என்று தெரிய வேண்டும். இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடுவில் குறுக்காக ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் எபாக்ஸி வைத்து ஒட்டுங்கள். இரண்டு மாதத்தில் கோடு பென்சில் குறியைத் தாண்டவில்லை, கண்ணாடியும் உடையவில்லை என்றால் அது நின்றுபோன விரிசல். விசிட்டிங் கார்டு நுழையாத அளவுக்கு மெல்லியதாகவும் இருந்தால் மேல்பூச்சு வேலையோடு முடித்துக்கொள்ளலாம். கண்ணாடி உடைந்தால் கதை வேறு.

நின்றுபோன விரிசலுக்கு: கோட்டைக் கிரைண்டரால் 'வி' வடிவில் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வாய் திறந்து, தூசியைப் பிரஷ் போட்டு எடுத்து, அக்ரிலிக் கிராக் ஃபில்லரை இரண்டு தடவையாக நிரப்புங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் நடுவில் குழிந்துபோகும். மேலே ஃபைபர் மெஷ் டேப்பைக் கோட்டோடு சேர்த்து ஒட்டி, அதன் மேல் பட்டி. பெயிண்டர்கள் தவறாமல் விடுவது இந்த டேப்பைத்தான்.

நகர்கிற விரிசலுக்கு லிண்டல் கொடுத்தாக வேண்டும். தூண், பீம் போட்டுக் கட்டிய வீடு என்றால் பயமில்லை. அந்தச் சுவர் வெறும் தடுப்பு. மாடத்துக்கு மேல் முதல் வரியை, அகலத்தோடு இரண்டு பக்கமும் 6 அங்குலம் சேர்த்து எடுத்துவிட்டு, இரண்டங்குலக் கடப்பா கல்லையோ, முன்பே வார்த்து ஆறவைத்த கான்கிரீட் பலகையையோ சொருகி, மேலே உள்ள இடைவெளியை 1:3 (ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல்) கலவையைக் கெட்டியாகப் பிசைந்து இடித்து நிரப்ப வேண்டும். தண்ணீராகக் கரைத்து ஊற்றினால் காய்ந்ததும் சுருங்கி, கல்லுக்கு மேல் மறுபடி இடைவெளி விழும். பாரம் கல்லில் இறங்கவே இறங்காது. மீண்டும் பூசும்போது நான்கு மூலையிலும் அரையடிக்கு ஓரடி சிக்கன் மெஷ் (மெல்லிய கம்பிவலை) துண்டைச் சாய்வாக, விரிசல் போகிற திசைக்குக் குறுக்கே, ஆணி அடித்து வையுங்கள்.

தூண் இல்லாமல் சுவரே ஸ்லாப்பைத் தாங்குகிற பழைய வீடு என்றால், இன்ஜினியர் வந்து பார்க்கும் வரை ஒரு செங்கல்லைக்கூட அசைக்காதீர்கள். அந்த மாதிரிச் சுவரில் ஒயருக்குக் காடி வெட்டுவதற்கே இந்தியத் தரவிதியில் அளவு இருக்கிறது: செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒன்றையும், கிடைக்காடி ஆறில் ஒன்றையும் தாண்டக் கூடாது. 9 அங்குலச் சுவரில் அது 3 அங்குலம், ஒன்றரை அங்குலம். அப்படி இருக்க, நாலரை அங்குலச் சுவரைக் குடைந்து 'சின்னதா ஒரு நிஷ்' எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நாலரை அங்குலச் சுவரில் மாடம் வேண்டும் என்றால், சுவருக்கு முன்னால் பலகையோ ஜிப்சம் போர்டோ வைத்து வெளியே தள்ளிக் கட்டுவது ஒன்றுதான் வழி.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோடு சாய்வாக இல்லாமல் பீமுக்கு அடியில் நேர்கிடையாகவோ, தூண் ஓரமாக நேர்செங்குத்தாகவோ ஓடினால் மாடத்தின் மேல் பழி போடாதீர்கள். அது செங்கல்லும் கான்கிரீட்டும் சேருகிற இடத்தில் வருகிற பிரிவு. சிலந்தி வலை போலப் பின்முகம் முழுக்க மெல்லிய கோடுகள் பரவியிருந்தால், பூச்சின் மேல் சிமெண்ட் பாலை அதிகமாகத் தேய்த்து, பிறகு தண்ணீர் காட்டாமல் விட்டதன் பலன். பார்க்க அசிங்கம், ஆபத்து இல்லை.

"உள்ளே பெயிண்ட் உரிகிறது, வெள்ளையாக உப்புப் பூக்கிறது"

9 அங்குல வெளிச்சுவரில் நாலரை அங்குல ஆழத்துக்கு மாடம் எடுத்தால், பின்னால் மிச்சம் இருப்பது அரைச் செங்கல்தான். மழைக்கும் உங்கள் சாமி படத்துக்கும் நடுவில் அவ்வளவுதான் காவல். நம் ஊரில் பூஜையறையை ஈசானி மூலையில் வைத்து, கிழக்குச் சுவரில் மாடம் எடுப்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிப்பதும் பெரும்பாலும் அதே சுவரில்தான். வாஸ்து பார்த்தவர் வெளிப்பூச்சையும் பார்த்திருக்கலாம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய ஒரு பாலித்தீன் தாளை ஒரு சாண் சதுரத்துக்கு வெட்டி, பின்முகத்தில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அறைக் காற்றின் ஈரம். ஏசி குளிர் படுகிற சுவரில் இப்படி நடக்கும், காற்றோட்டம் கொடுத்தால் போதும்.

சுவருக்குள்ளிருந்து வருகிறது என்றால் நேரத்தைக் கவனியுங்கள். மழைக்குப் பின் இரண்டு மூன்று நாளில் கூடுகிறதா? வெளிப்பூச்சில் விரிசல். மழையே இல்லாமல் வருடம் முழுக்க இருக்கிறதா? பின்னால் குளியலறையோ, தண்ணீர்க் குழாயோ, ஏசி வடிகுழாயோ இருக்கும். கோடையில் ஏசி ஓடும் மாதங்களில் மட்டும் வருகிறதா? வடிகுழாயேதான், தயங்காமல் அதைத் திறந்து பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குள் இருக்கும் மாடத்தில் மட்டும் வருகிறதா? அடித்தளத்திலிருந்து ஓதம் ஏறுகிறது.

உப்பைத் தண்ணீர் போட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி சுவருக்குள் போய், காய்ந்ததும் திரும்ப வந்து நிற்கும். காய்ந்த பிரஷ்ஷால் சுரண்டி, முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள். வெளியில் விரிசலை அடைத்து, தண்ணீர் புகாத பூச்சு அடித்து, குழாய்க் கசிவு என்றால் அதை நிறுத்தி, அதன் பிறகு உள்ளே வாருங்கள். இந்த வரிசையை மாற்றினால் பணம் போகும். உள்ளே பூச்சு பொரிந்திருந்தால் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்து, ஒரு மாதமாவது காற்றாடக் காயவிட்டு, வாட்டர்ப்ரூஃப் மருந்து கலந்த 1:4 கலவையால் பூசுங்கள். அந்த ஒரு மாதம்தான் யாருக்கும் பொறுக்காது. "அடுத்த வாரம் கிரகப்பிரவேசம் சார்" என்பார்கள். அப்படியானால் ஒரு பட்டுத் துணியைத் தொங்கவிட்டு விசேஷத்தை முடியுங்கள். ஈரச் சுவரில் பட்டி மட்டும் வேண்டாம்.

செட்டிநாட்டுப் பக்கமும் மற்ற இடங்களிலும் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் இதற்கு ஒரு தனி வகை உண்டு. மாடம் நூறு வருடமாக நன்றாக இருந்திருக்கும். விளிம்பு கொஞ்சம் உடைந்ததென்று போன வருடம் சிமெண்ட் பூசியிருப்பார்கள். பூசின துண்டு மட்டும் கேக் போலப் பெயர்ந்து, சுற்றியிருக்கும் பழைய பூச்சையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்பு மெத்தென்றது, ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் விறைப்பானது, விடாது. அதை எடுத்துவிட்டு, நன்றாக ஊறிய சுண்ணாம்பும் மணலும் 1:3, கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் விட்டுப் பிசைந்து, மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி போல இழைத்த மேல்பூச்சைச் சாதாரணக் கொத்தனாரிடம் கொடுக்காதீர்கள். அந்த வேலை தெரிந்த கை கிடைக்கும் வரை உடைந்தபடியே இருக்கட்டும்.

"தட்டினால் பொத்தென்று கேட்கிறது"

செங்கல்லும் பூச்சும் பிரிந்துவிட்டது. செங்கல்லை நனைக்காமல் பூசினாலும், கான்கிரீட்டைக் கொத்திவிடாமல் பூசினாலும், கோணலை மறைக்க ஒரே தடவையில் ஓரங்குலம் அப்பினாலும் இப்படித்தான். ஓசை மாறும் இடத்தைச் சாக்பீஸால் சுற்றி வரைந்து, வட்டமாக இல்லாமல் கட்டமாக மெஷினால் வெட்டி எடுத்து, நனைத்து, 12 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி, ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள். மாடத்தின் மேல்முகத்தில் ஓசை கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். அது தலைக்கு மேல் தொங்குகிற பூச்சு.

"வளைவு ஏதோ சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை"

கண்ணுக்குத் தெரியும், வாய்க்கு வராது. சொல்ல வைக்க ஒரு வழி உண்டு. செய்தித்தாளை மாடத்தின் வளைவில் வைத்து விளிம்பை விரலால் அழுத்திப் பதியவிட்டு வெட்டுங்கள். சரிநடுவில் மடித்துப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை என்றால் கோளாறு எங்கே, எத்தனை மில்லிமீட்டர் என்று தாளே சொல்லிவிடும். 3 மில்லிமீட்டர் வரை பட்டியில் சரிக்கட்டலாம், அதுவும் இரண்டு மூன்று தடவையாக. அதற்கு மேல் என்றால் பூச்சைக் கொத்தித்தான் ஆக வேண்டும்.

பாதிகள் பொருந்தியும் வளைவு உறுத்துகிறது என்றால், வளைவு தொடங்கும் இடத்தைப் பாருங்கள். நேர்கோடு முடிந்து வளைவு பிறக்கிற இடத்தில் ஒரு முறிவு தெரியும். கொத்தனார் கண்மட்டத்தில் கரணையால் இழுத்திருப்பார். அரைவட்டம் என்றால் அகலத்தில் பாதி ஆரம். 2 அடி அகலத்துக்கு நடுவில் ஓர் ஆணி, 1 அடி நூல், முடிந்தது. தட்டையான வளைவுக்குத்தான் கணக்கு வேண்டும்: அகலத்தை அகலத்தால் பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அதோடு உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். 24 அங்குல அகலம், 6 அங்குல உயர வளைவுக்கு 576-ஐ 48-ஆல் வகுத்தால் 12. 3 கூட்டினால் 15 அங்குல ஆரம். அந்த ஆரத்தில் பிளைவுட்டில் ஒரு அச்சு வெட்டிக் கொடுத்துவிடுங்கள். அச்சு இருந்தால் எந்தக் கொத்தனாரும் அழகாகப் பூசுவார். அச்சு இல்லாமல் கேட்பது நம் தப்பு.

"சிலை உள்ளே போகவில்லை" அல்லது "போனது, ஆனால் மூச்சு முட்டுகிறது"

ஒரு வீட்டில் பிள்ளையாருக்கு மாடம். வீட்டம்மா "பன்னெண்டு அங்குலம் தம்பி" என்றார்கள். நானும் 16 அங்குலம் உயரம் விட்டேன். கிரானைட் எல்லாம் ஒட்டிய பிறகு சிலை வந்தது, பின்னால் திருவாசியோடு. அளவு சொன்னது பிள்ளையாரின் கிரீடம் வரை. திருவாசி அதற்கு மேல் 5 அங்குலம். அன்றிலிருந்து பொருள் கையில் வராமல் நான் சுவரில் கை வைப்பதில்லை.

சிலைக்குச் சுற்றிலும் இடம் வேண்டும். திருவாசி, பீடம், பூமாலை எல்லாம் சேர்ந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு தலைக்கு மேல் இருந்தால் கண்ணுக்கு நிம்மதி. மாலை போடுகிற கை உள்ளே போய் வர வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள், இறுக்கமாகத் தெரிகிறது என்றால், உடைக்கும் முன் இரண்டைச் செய்து பாருங்கள். பின்முகத்துக்குச் சிலையின் நிறத்திலிருந்து விலகிய, வெளிர் நிறம் அடியுங்கள். பித்தளைக்குப் பின்னால் தங்க நிற டெக்ஸ்சர் அடித்தால் சிலை சுவரில் கரைந்துபோகும். மாடத்தைச் சுற்றி வெளியில் போட்டிருக்கும் கனமான சட்டத்தை எடுத்துவிடுங்கள். பாதி மாடங்கள் சட்டத்தால்தான் சிறுத்துப்போகின்றன.

விளக்குப் போட்டதும் வருகிற புகார்கள்

இதில் வகை அதிகம். நானே கற்றுக்கொள்ள நாளானது.

*பின்முகம் அலை அலையாகத் தெரிகிறது.* எல்இடி ஸ்ட்ரிப்பைப் பின்சுவரோடு ஒட்டி வைத்திருப்பார்கள்; வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு இறங்கும்; முன்பு நாம் டார்ச் அடித்துப் பார்த்தோமே, அதே வேலையை அது தினமும் செய்கிறது. ஸ்ட்ரிப்பை மாடத்தின் முன் விளிம்புக்கு உள்ளே கொண்டுவந்து, 45 பாகைச் சாய்வு அலுமினியச் சேனலில் பின்னோக்கித் திருப்புங்கள். முன்னால் ஒன்றரை அங்குல இறக்கம் இருந்தால் ஸ்ட்ரிப் வெளியே தெரியாது. சுவர் கல் பதித்ததாகவோ, வேண்டுமென்றே சொரசொரப்பாகவோ இருந்தால் மட்டும் பின்னால் வைக்கலாம். அங்கே அந்த நிழல்தான் அழகு.

*புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.* மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ஸ்ட்ரிப்பில் புள்ளிக்குப் புள்ளி 16 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. மேலே போடும் பால் நிற மூடி அதைவிடக் கிட்டத்தில் இருந்தால் புள்ளி மறையாது. 120 உள்ளதற்கு 8 மில்லிமீட்டர். ஆழமில்லாத சேனல் என்றால் சிஓபி (எல்இடிகள் இடைவெளி இல்லாமல் நெருங்கிய) ஸ்ட்ரிப் போட்டுவிடுங்கள், கோடாகவே எரியும். ஸ்ட்ரிப் தெரியவில்லை, ஆனால் கீழே பளபளக்கும் கறுப்பு கிரானைட்டில் புள்ளி தெரிகிறது என்பது இன்னொரு தினுசு. அங்கே கல் கண்ணாடியாகிவிட்டது. லெதர் ஃபினிஷ் (பளபளப்பு இல்லாத) கல் போட்டிருந்தால் வந்திருக்காது. இனி மூடியை மாற்றத்தான் வழி.

*ஒரு முனை மங்கல்.* 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை ஒரே பக்கம் கரண்ட் கொடுத்து 5 மீட்டருக்கு மேல் இழுத்திருப்பார்கள். இரண்டு முனையிலும் கொடுங்கள், அல்லது 24 வோல்ட்டுக்கு மாறுங்கள். டிரைவரைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள்: மீட்டருக்கு 14.4 வாட் ஸ்ட்ரிப் 5 மீட்டர் என்றால் 72 வாட். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 86. ஆகவே 100 வாட் டிரைவர்.

*அணைத்த பிறகும் மின்மினி போல மினுக்குகிறது.* பேய் இல்லை. சுவிட்ச் பேஸை (கரண்ட் வரும் கம்பியை) விட்டுவிட்டு நியூட்ரலை வெட்டுகிறது, அல்லது சுவிட்சில் இருக்கும் சிவப்பு இண்டிகேட்டர் வழியாகக் கரண்ட் கசிகிறது. முதலாவது என்றால் உடனே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள். அணைத்திருக்கிறோம் என்று நினைத்துத் தொட்டால் உள்ளே பேஸ் இருக்கும்.

*ஆறு மாதத்துக்கு ஒருமுறை செத்துப்போகிறது.* டிரைவர் எங்கே என்று கேட்டால் எல்லாரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள்! சூட்டுக்குப் போக இடம் இல்லை. செத்தாலும் எடுக்க வழி இல்லை. டிரைவர் எப்போதும் கை எட்டுகிற, காற்றாடுகிற இடத்தில்: ஃபால்ஸ் சீலிங் திறப்புக்கு மேலேயோ, டிவி யூனிட் பின்னாலோ, தனிச் சுவிட்ச் பெட்டியிலோ. ஸ்ட்ரிப்பையும் வெறும் பூச்சில் ஒட்டாமல் அலுமினியத்தில் ஒட்டினால்தான் ஆயுள்.

கடைகளில் மட்டும் வருகிறவை

ஜவுளிக்கடையில் மாடத்துக்குள் மடித்து வைத்த அரக்குப் பட்டு, பழைய செங்கல் நிறமாகத் தெரிகிறதா? வாங்க வந்த அம்மா புடவையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போகிறாரா? விளக்கு பொய் சொல்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாட் கூட்டிப் பயனில்லை. நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சிஆர்ஐ 90-க்கு மேல் உள்ள ஸ்ட்ரிப் வேண்டும். அதிலும் சிவப்புக்கென்று தனியாக ஆர்9 என்று ஓர் எண் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். நகைக்கடையில் தங்கத்துக்கு 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு), வைரம், வெள்ளிக்கு 5000-க்கு மேல் என்று பிரித்துப் போடுவது வழக்கம். இரண்டையும் ஒரே மாடத்தில் வைத்துவிட்டு விளக்கைக் குறை சொல்லக் கூடாது. பக்கத்துப் பக்கத்து மாடங்கள் நிறம் மாறி எரிந்தால், ஸ்ட்ரிப்பை இரண்டு தடவையாக வாங்கியிருப்பார்கள். 3000 என்று அச்சடித்த இரண்டு ரோல் ஒன்றுபோல் எரியும் என்று நம்ப முடியாது. மொத்தத்தையும் ஒரே லாட்டில் வாங்கி, ஒரு ரோலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கடையில் மாடங்கள் பெரும்பாலும் ஜிப்சம் போர்டில்தான் இருக்கும். மூலையில் நேர்க்கோடாக விரிசல் என்றால், போர்டின் இணைப்பு சரியாக மாடத்தின் மூலையிலேயே வந்து விழுந்திருக்கிறது. போர்டை 'எல்' வடிவில் வெட்டி மூலையைச் சுற்றிப் போயிருக்க வேண்டும். இப்போதைக்குப் பேப்பர் டேப் போட்டு மூடலாம். அடுத்த முறை ஆட்களிடம் முன்பே சொல்லுங்கள்.

மாடத்துக்குள் வைத்த கண்ணாடித் தட்டு தொங்குகிறது என்றால் போர்டில் நேராகத் திருகு அடித்திருக்கிறார்கள். கண்ணாடியின் எடையைக் குறைத்து நினைக்காதீர்கள்: சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரை கிலோ. 60-க்கு 25 சென்டிமீட்டர், 8 மில்லிமீட்டர் தட்டு ஒன்றே 3 கிலோ, பொருள் தனி. போர்டுக்குப் பின்னால் ஜிஐ குழாயோ 18 மில்லிமீட்டர் பிளைவுட்டோ கொடுத்து அதில் திருகுங்கள். டஃபன்டு கண்ணாடியை அளவு தப்பினால் பிறகு வெட்ட முடியாது, நொறுங்கிவிடும். ஆகவே பெயிண்ட் முடிந்த பின் அளவெடுங்கள்.

"விளக்கேற்றும் மாடம் கரி பிடித்துவிட்டது"

ஈரத்துணி போட்டால் கரி சுவருக்குள் இழுகிப் பரவும். முதலில் காய்ந்த மென்துணியால் மேலிருந்து கீழே ஒத்தி எடுத்து, பிறகு சோப்புத் தண்ணீர். அதன் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் இரண்டே வாரத்தில் மஞ்சளாகக் கறை மேலே வந்துவிடும். தண்ணீரில் கரைகிற பெயிண்ட் கரியையும் எண்ணெயையும் அடக்காது. கறை தடுக்கும் ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்துக் காயவிட்டு, அப்புறம் பெயிண்ட். எண்ணெய் வடிகிற அடிமுகத்துக்குப் பெயிண்ட்டே வேண்டாம். கிரானைட்டோ டைலோ, முன்புறம் சிறு வரம்போடு.

பிவிசி பேனல், டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) ஜாலி, அக்ரிலிக் 'ஓம்' இவை வைத்த மாடத்தில் தீபம் ஏற்றுவதாக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். தலைமேல் ஒரு சாண் உயரத்தில் பிளாஸ்டிக், கீழே நெருப்பு. கார்த்திகை அன்று வரிசையாக அகல் வைக்கும்போது யாரும் யோசிப்பதில்லை. அங்கே வேறு கல்மேடை ஒன்று போட்டு விளக்கை வெளியே கொண்டுவருவதே சரி.

குளியலறை மாடம்: "ஷாம்பு பாட்டில் அடியில் தண்ணீர் நிற்கிறது, சந்து கறுக்கிறது"

அடிமுகத்துக்குச் சாய்வு இல்லை. நாலங்குல ஆழத்துக்கு முன்னோக்கி 2 மில்லிமீட்டர் சாய்வு போதும். பாட்டில் விழாது, தண்ணீர் நிற்காது. அடி டைலை மட்டும் எடுத்து, அடியில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கை அடித்து, சாய்வாகத் திரும்ப ஒட்டுங்கள். முடிந்தால் டைலுக்குப் பதில் ஒரே துண்டுக் கல். உள்மூலைச் சந்துகளில் கிரவுட் (டைல் இடுக்கை அடைக்கும் கலவை) நிற்காது, சிலிக்கான்தான். மற்ற சந்துகளுக்கு எபாக்ஸி கிரவுட். கறுத்த கிரவுட்டின் மேலேயே புதுசு பூசினால் பூஞ்சை உள்ளேயிருந்து வரும், சுரண்டி எடுக்க வேண்டும்.

மூடிவிட வேண்டிய மாடங்கள்

நகர்கிற விரிசலோடு சுமைதாங்கிச் சுவரில் இருப்பது (இன்ஜினியர் பார்த்த பிறகுதான்), குடைந்த நாலரை அங்குலச் சுவர், நிறுத்த முடியாத ஓதத்தில் இருப்பது: இந்த மூன்றையும் காப்பாற்றச் செலவழிக்காதீர்கள். உள் பூச்சைச் செங்கல் வரை கொத்தி, நனைத்து, ஓரச் செங்கற்களைப் பழைய வரிகளுக்குள் பல் விட்டுக் கோத்து நிரப்புங்கள். மேல் வரிக்குக் கலவையைக் கெட்டியாக இடித்துச் செருகுங்கள். பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேருகிற நான்கு ஓரத்திலும் அரையடி அகலத்துக்குச் சிக்கன் மெஷ். ஏழு நாள் தண்ணீர், அப்புறம் ஒரு மாதம் காற்று. அதற்குப் பிறகு பெயிண்டரைக் கூப்பிடலாம்.